பாஷ்கிர் மொழியில் 'மற்றும்' எங்கே போனது?

ரஷ்யாவில் பாஷ்கிர் மொழி பேசும் பாஷ்கோர்தோஸ்தான் குடியரசின் தலைநகரான உஃபாவில் மருத்துவம் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாஷ்கிர் மொழியில் 'மற்றும்' என்பதற்கு 'ஹெம்' என்று அகராதி சொல்கிறது. விடுதியில் பக்கத்து அறையில் இருக்கும் பாஷ்கிர் நண்பன் மணிக்கணக்காக வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுகிறான். அந்தச் சொல் காதில் விழுவதே இல்லை. இணைப்புச் சொற்களை எங்கே போடுவது, எங்கே விடுவது? கூடவே, தான் எழுதிய இரண்டு வாக்கியங்களையும் திருத்தச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

முதல் வாக்கியம் இது: 'மின் இர்தென் தொர்ஃதொம் ஹெம் ஸெய் எஸ்தெம் ஹெம் தெரெஸ்கெ பர்ஃதிம்.' நான் காலையில் எழுந்தேன் மற்றும் டீ குடித்தேன் மற்றும் வகுப்புக்குப் போனேன். தமிழில் படித்ததுமே உங்களுக்குக் கூசுகிறதல்லவா? பாஷ்கிர்க்காரருக்கும் அப்படித்தான் கூசும். அவர் சொல்வது: 'இர்தென் தொரொப், ஸெய் எஸெப், தெரெஸ்கெ பர்ஃதிம்.' காலையில் எழுந்து, டீ குடித்து, வகுப்புக்குப் போனேன். சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசை. உங்கள் கேள்விக்கான விடையில் பாதி இதிலேயே இருக்கிறது. பாஷ்கிர் வாக்கியங்களை இணைக்கும் வேலையைப் பெரும்பாலும் வினைச்சொல்லின் வால் பார்த்துக்கொள்கிறது. தனி இணைப்புச் சொற்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் பல வெளியிலிருந்து வந்தவை. வந்த விருந்தாளி உட்காரும் இடத்தில்தான் உட்காரும்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1940 முதல் பாஷ்கிர் சிரில்லிக் எழுத்தில் எழுதப்படுகிறது. அதற்கு முன் சில ஆண்டுகள் லத்தீன், அதற்கும் முன் அரபு. இங்கே தமிழில் நான் எழுதுவது தோராயம்தான். 'எ' என்று எழுதியிருக்கும் பல இடங்களில் 'பேங்க்' என்னும்போது வரும் ஒலியைக் குறுக்கிச் சொல்லுங்கள். 'க' சில இடங்களில் தொண்டையின் அடியிலிருந்து வரும். 'ஃத' என்பதை மட்டும் கவனமாகப் பாருங்கள், அதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹெம் பாரசீகத்திலிருந்து வந்த சொல். பெயர்ப் பலகைகளிலும் அரசு ஆவணங்களிலும் பாடநூல்களிலும் தாராளமாக இருக்கும். கல்வி, அறிவியல் இரண்டுக்குமான அமைச்சகத்தை 'மெகாரிஃப் ஹெம் ஃபென்' என்று எழுதுவார்கள். நம் ஊரில் 'கல்வி மற்றும் அறிவியல்' என்று எழுதுவது போல. எழுதுவதில் தவறில்லை. நீளமான பட்டியலின் கடைசிப் பெயருக்கு முன்னால் போட்டால் நன்றாகவே இருக்கும். ஆனால் வீட்டுப் பேச்சில் அப்பாவையும் அம்மாவையும் சேர்க்க அதைத் தேட மாட்டார்கள். 'அதாய் மெனென் எஸெய்' என்பார்கள். மெனென் என்றால் 'ஓடு, உடன்'. அப்பாவோடு அம்மா என்று சொல்லி, அப்பாவும் அம்மாவும் என்று பொருள் கொள்வது. இலக்கண நூல்கள் இதை இணைப்புச் சொல்லாகிய 'தெர்கெவெஸ்' வகையில் மட்டும் வைப்பதில்லை. பெயருக்குப் பின்னால் வந்து கட்டும் சொல் என்று 'பெய்லெவெஸ்' வகையிலும் வைக்கின்றன. சோடியாக வாழும் பொருள்களுக்கு மெனென் பொருத்தம்: இரவு பகல், பாட்டி தாத்தா, கணவன் மனைவி.

இனி நம் 'உம்'முக்கு நெருங்கிய உறவு போலத் தோன்றும் சொல். உறவு என்றது பேச்சுக்குத்தான். துருக்கியக் குடும்பத்துக்கும் திராவிடக் குடும்பத்துக்கும் இரத்த சம்பந்தம் நிறுவப்படவில்லை, கட்டுமானம்தான் ஒத்துப்போகிறது. அந்தச் சொல்லுக்கு எட்டு வடிவம்: த, தெ, ல, லெ, ஃத, ஃதெ, அவற்றோடு வல்லொலியாக அழுத்திச் சொல்லும் இன்னொரு த, தெ. நானும் என்றால் 'மின் தெ'. நாங்களும் என்றால் 'பெஃத் ஃதெ'. குழந்தையும் என்றால் 'பலா ல'. குதிரையும் என்றால் 'அத் த', இங்கே த அழுத்தமானது. அகரமா எகரமா என்பதை முன்னால் இருக்கும் சொல்லின் உயிரொலி முடிவு செய்கிறது. முதல் மெய்யை அந்தச் சொல்லின் கடைசி ஒலி முடிவு செய்கிறது. உயிரில் முடிந்தால் ல. க், ப், ஸ், த் போன்ற வல்லொலியில் முடிந்தால் அழுத்தமான த. ர், ய், வ், ஃத் ஆகியவற்றில் முடிந்தால் ஃத. ன், ம், ல் போன்றவற்றில் முடிந்தால் மென்மையான த.

பயந்துவிடாதீர்கள். இதில் பாதியை உங்கள் நாக்கு ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. 'பத்து', 'பந்து', 'அது' மூன்றையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் த வல்லொலி. இரண்டாவதில் ந்-க்குப் பின் மெலிந்து அதிர்கிறது. மூன்றாவதில் நாக்கு பல்லை முழுவதும் அடைக்காமல் காற்றைக் கசிய விடுகிறது. அந்த 'அது'வில் வரும் ஒலிதான் பாஷ்கிரின் ஃத. நாம் மூன்றையும் ஒரே எழுத்தில் எழுதிவிட்டு இடத்தைப் பார்த்து ஒலிக்கிறோம். அவர்கள் மூன்றுக்கும் தனித்தனி எழுத்து வைத்திருக்கிறார்கள். பக்கத்து மொழியான தாதாரில் இந்தச் சொல்லுக்கு த, தெ வரிசைகள்தான் உண்டு, ல-வும் ஃத-வும் கிடையாது. உஃபாவில் தாதார்ப் பாடநூல் ஒன்று கையில் கிடைத்து, 'இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே' என்று அதை வைத்துப் படித்தால் முதலில் சறுக்குவது இங்கேதான். ஊர் வழக்குகளிலும் இந்த மெய்மாற்றம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்; நீங்கள் எழுத்து வழக்கையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பெரிய சறுக்கல் இன்னொன்று உண்டு. 'இல்' என்ற இடப்பொருள் வேற்றுமை உருபும் இதே வேடத்தில்தான் வருகிறது. 'ஒய்' என்றால் வீடு. 'ஒய்ஃதெ' என்று சேர்த்து எழுதினால் வீட்டில். 'ஒய் ஃதெ' என்று பிரித்து எழுதினால் வீடும். எழுத்தில் ஓர் இடைவெளிதான் வேறுபாடு. பேச்சில் அழுத்தம் சொல்லிக்கொடுக்கும்: உருபாக இருந்தால் கடைசி அசையில் அழுத்தம் விழும், இணைப்பாக இருந்தால் அந்த அசை தாழ்ந்துபோகும். எனக்குக் கற்பித்த ஆசிரியை கட்டுரையில் இந்த இடைவெளி தப்பிய இடமெல்லாம் சிவப்பு மையில் ஒரு சின்ன வீடு வரைந்து தருவார். என் முதல் தாளில் ஒரு தெருவே இருந்தது.

இரண்டு பக்கமும் போட்டால் நம் 'உம்… உம்' போலவே: 'மின் தெ, ஹின் தெ', நானும் நீயும். ஆனால் தமிழ்க்காரருக்குத் தோன்றாத ஒரு வேலையும் இதற்கு உண்டு. முற்றுவினைக்குப் பின்னாலும் இது வந்து நிற்கும். 'உல் தொர்ஃதொ ல கித்தெ.' அவன் எழுந்தான், போய்விட்டான். தமிழில் 'எழுந்தானும் போனான்' என்று சொல்ல வழியில்லை. இங்கே அந்த 'ல' இரண்டு செயலையும் ஒட்டி வைக்கிறது. சட்டென்று, யாரையும் கேட்காமல், திரும்பிப் பார்க்காமல் போன தொனி அதில் வந்துவிடுகிறது. 'தொரொப் கித்தெ' என்றால் எழுந்து போனான், வெறும் செய்தி. 'தொர்ஃதொ ல கித்தெ' என்றால் கொஞ்சம் கோபமோ அவசரமோ கலந்திருக்கிறது. கதை சொல்பவர்கள் இதை ருசித்துப் பயன்படுத்துவார்கள். நண்பனின் பேச்சில் இதைக் காத்திருந்து பிடியுங்கள், ஹெம்மைவிட அடிக்கடி வரும்.

வினையின் வால்களுக்கு வருவோம். '-ப்' என்று முடிவது நம் செய்து என்னும் வாய்பாட்டு எச்சம். எழுவாய் பொதுவாக ஒன்றாகவே இருக்கும். துணைவினைகளோடு அது சேரும் விதத்தைப் பார்த்தால் சிரிப்பே வரும். 'அலிப் கில்' என்பது எடுத்து வா, அதாவது கொண்டு வா. 'யஃதிப் அல்' என்பது எழுதிக்கொள். அல் என்றால் கொள், எடு என்றே பொருள். ரஷ்ய மாணவர் ஒருவர் இதற்காக அரை வகுப்பு திணறுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழ் பேசுபவருக்கு விளக்கவே வேண்டாம். எதிர்மறைக்கு '-மெய்', '-மாய்': 'எய்த்மெய் கித்தெ', சொல்லாமல் போனான். 'கில்கெஸ்' என்றால் வந்ததும். இதில் எழுவாய் மாறலாம், 'உல் கில்கெஸ், பெஃத் ஸெய் எஸ்தெக்', அவன் வந்ததும் நாங்கள் டீ குடித்தோம். சில இடங்களில் காரணப் பொருளும் இதே வடிவத்தில் கசிந்து வரும். 'கில்கென்ஸெ' என்றால் வரும்வரை. இவையெல்லாம் ஐரோப்பிய மொழிகளில் தனிச் சொல்லாக நிற்பவை. இங்கே வினையோடு ஒட்டிவிடுகின்றன.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். 'யம்கிர் யவ்ஹா, பர்மாயிம்': மழை பெய்தால் போகமாட்டேன். '-ஹா', '-ஹெ' நம் 'ஆல்'. முன்னால் 'எகெர்' என்ற பாரசீகச் சொல்லைச் சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம். 'ஒருவேளை மழை பெய்தால்' என்பதில் வரும் ஒருவேளை போன்றதுதான். எகெர் இருக்கிறதே என்று '-ஹா'வை விட்டுவிட்டால்தான் வாக்கியம் உடையும். இப்போது 'உம்' சேருங்கள்: 'யம்கிர் யவ்ஹா ல பராம்.' மழை பெய்தாலும் போவேன். 'ஆல்' உடன் 'உம்' சேர்ந்தால் 'ஆலும்' ஆகிறது. '-ஹா' உடன் 'ல' சேர்ந்தால் அதே பொருள் வருகிறது. இன்னும் ஒரு படி. 'புல்' என்றால் ஆகு. 'புல்ஹா' என்றால் ஆனால். 'புல்ஹா ல' என்றால் ஆனாலும். 'ஷுலாய் புல்ஹா ல': அப்படி ஆனாலும், அதாவது இருந்தாலும். சுருக்கமாக 'ஷுலாய் ஃத' என்றும் சொல்வார்கள். 'ஆனால்' என்பதே ஆகு என்ற வினையின் எச்சம்தான் என்பதை நாம் மறந்தே போய்விட்டோம். பாஷ்கிர் படிக்கும்போது சொந்த மொழியின் தையல் தெரிய வருகிறது.

இதே கதைதான் 'என்று'வுக்கும். 'தி' என்றால் சொல், என். அதன் எச்சம் 'திப்'. 'உல் கில்தெ திப் உய்லாயிம்': அவன் வந்தான் என்று நினைக்கிறேன். ஒரு சொல்லையும் இடம் மாற்ற வேண்டாம். நோக்கத்துக்கும் இதுவே: 'உகியிம் திப் கில்தெம்', படிக்கலாம் என்று வந்தேன். பெயரெச்சம் 'திகென்', நம் 'என்ற': 'ஒஃபொ திகென் கலா', உஃபா என்ற நகரம். ரஷ்ய வழியாக வருபவர்கள் இந்த இடத்தில் ஓர் இணைப்புச் சொல்லைத் தேடி வாக்கியத்தைத் தலைகீழாக்கிவிடுவார்கள், 'நினைக்கிறேன்' முன்னால் வந்துவிடும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ரஷ்ய மொழியில் யோசித்து பாஷ்கிரில் எழுதும் பழக்கம் மட்டும் வேண்டாம். நாட்டுப்புறக் கதைகளில் வாக்கியத்தின் கடைசியில் வெறும் 'தி' நிற்கும்: 'பொரொன்-பொரொன் ஸமான்தா பெர் எபெய் மெனென் பபாய் யெஷெகென், தி.' முன்னொரு காலத்தில் ஒரு பாட்டியும் தாத்தாவும் வாழ்ந்தார்களாம். நம் 'ஆம்' வேறு வேரிலிருந்து வந்தது, ஆனால் செய்யும் வேலை ஒன்று: நான் பார்த்ததில்லை, சொல்லக் கேட்டேன் என்று கைகழுவுவது.

'ஆனால்' என்ற பொருளில் நிற்கும் தனிச் சொற்கள் சில உண்டு. லெகின், எம்மெ இரண்டும் அரபு வழி வந்தவை. லெகின் எங்கும் செல்லும். எம்மெ கொஞ்சம் ஏட்டு வாசனை. பேச்சில் 'திக்' அதிகம். அதற்கு மட்டும், மாத்திரம் என்று மூலப்பொருள். 'பராம், திக் பொகொன் துகெல்': போகிறேன், ஆனால் இன்றைக்கு இல்லை. இவற்றோடு குழப்பக் கூடாத ஒன்று 'எ' என்ற ஒற்றை எழுத்துச் சொல். 'மின் எஷ்லெயெம், எ ஹின் யொக்லாய்ஹிங்.' இதை 'நான் வேலை செய்கிறேன், ஆனால் நீ தூங்குகிறாய்' என்று மொழிபெயர்ப்பது பாதிச் சரி. 'நான் வேலை செய்கிறேன், நீயோ தூங்குகிறாய்' என்பதே சரியான தமிழ். இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்திக் காட்டுவதோடு எ-யின் வேலை முடிகிறது. எதிர்பார்ப்பு பொய்த்தது என்று சொல்ல வேண்டுமானால் லெகின் வேண்டும்.

'ஓ' என்றதும் 'அல்லது' நினைவுக்கு வருகிறது. வாக்கியம் செய்தியாக இருந்தால் 'யெகி': 'பொகொன் யெகி இர்தெகெ பராம்', இன்றோ நாளையோ போவேன். கேள்வியாக இருந்தால் 'எல்லெ'. பாஷ்கிர் வீட்டுக்குப் போனால் டீ இல்லாமல் விட மாட்டார்கள், அங்கே தேனும் பேர்போனது, ஆகவே இந்தக் கேள்வி உங்கள் காதில் விழவே போகிறது: 'ஹொத் மெனென்மெ, எல்லெ பல் மெனென்மெ?' பாலோடா, தேனோடா? கடைசியில் ஒட்டியிருக்கும் 'மெ' நம் கேள்வி 'ஆ'. இங்கே யெகி போட்டால் எதிரில் இருப்பவர் ஒரு நொடி விழிப்பார். எல்லெக்கு இன்னொரு முகமும் உண்டு. 'எல்லெ கெம்' என்றால் யாரோ, 'எல்லெ கய்ஃதா' என்றால் எங்கோ. யார் உடன் ஓ, எங்கு உடன் ஓ. பேசுபவருக்கு நிச்சயமில்லை என்பதே இந்தச் சொல்லின் நடு எலும்பு. அதனால்தான் அது கேள்வியில் மட்டும் 'அல்லது' ஆகிறது.

காரணத்துக்கு அகராதி 'ஸொன்கி' என்று தரும். இதுவும் பாரசீகம், நம் 'ஏனென்றால்' போல இரண்டாவது வாக்கியத்தின் தலையில் உட்காரும். 'மின் கில்மெனெம், ஸொன்கி அவிரினிம்', நான் வரவில்லை, ஏனென்றால் உடம்பு சரியில்லை. பரவாயில்லை, புரியும். ஆனால் 'அவிரிகன்கா கூரெ கில்மெனெம்', உடம்பு சரியில்லாததால் வரவில்லை என்று காரணத்தை முன்னால் கொண்டுவந்து வினையோடு கட்டினால் வாக்கியம் பாஷ்கிராகிவிடும். 'கூரெ' பார் என்ற வினையிலிருந்து வந்தது. 'ஷுகா கூரெ' என்றால் ஆகவே. அதைப் பார்த்து என்று உடைத்துக் கொள்ளலாம். 'ஒஸொன்' என்றால் 'ஆக', 'க்காக'. இதற்கு மேல் இந்தப் பகுதியில் சிக்கல் ஏதும் இல்லை.

நகரத்தில் வளர்ந்த இளைஞர்கள் பேசும்போது இந்த இடங்களிலெல்லாம் ரஷ்ய மொழியின் 'நோ' (ஆனால்), 'பதமுஷ்தா' (ஏனென்றால்) காதில் விழும். யாராவது இதைக் கண்டு மொழி கெட்டுப்போகிறது என்று அங்கலாய்த்தால் தலையாட்டிக்கொள்ளுங்கள், ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: லெகினும் ஸொன்கியும் எகெரும் ஒரு காலத்தில் இப்படித்தான் மதரசா படித்தவர்களின் நாவிலிருந்து இறங்கி வந்தன. இணைப்புச் சொல் எளிதில் இரவல் வாங்கக்கூடிய சரக்கு. '-ப்' எச்சத்தையும் '-ஹா'வையும் யாரும் இரவல் வாங்கவில்லை. எந்த இரவலும் இல்லாமல், இணைப்பே இல்லாமல் இந்த மொழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பழமொழி: 'திரிஷ்கன் தாபிர், தாஷ்கா கஃதாக் ககிர்.' முயன்றவன் கண்டடைவான், கல்லில் ஆணி அறைவான். இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. மோனைதான் கட்டி வைத்திருக்கிறது. இதில் ஒரு ஹெம்மைச் செருகிப் பாருங்கள், ஆணி வளைந்துவிடும்.

உங்கள் இரண்டாவது வாக்கியம் மிச்சமிருக்கிறது. 'யம்கிர் யவ்ஃதி, லெகின் மின் பர்ஃதிம்': மழை பெய்தது, ஆனால் நான் போனேன். இதில் பிழை இல்லை. மழை பெய்ததை ஒரு செய்தியாகவும் நீங்கள் போனதை இன்னொரு செய்தியாகவும் சொல்ல விரும்பினால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மழையைப் பொருட்படுத்தவில்லை என்பதுதான் சொல்ல வந்தது என்றால் 'யம்கிர் யவ்ஹா ல பர்ஃதிம்' என்று மாற்றுங்கள். 'ல'வைத் தனியாக, ஓர் இடைவெளி விட்டு எழுத மறக்காதீர்கள்.